முழங்கையைப் பிடிக்க விடுங்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரப்பி படிப்பை இவ்வாண்டு முடித்திருக்கிறேன். பினாங்கில், பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. “பார்வை திரும்பப் போவதில்லை என்றான பிறகு நீ என்ன சிகிச்சை கொடுப்பாய்? ஆறுதல்தானே சொல்ல முடியும்?” என்று அப்பா கேட்கிறார். கண் தெரிகிற நான் அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது. கோலாலம்பூரில் நெடுங்காலமாக இப்பணியில் இருப்பவர் நீங்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, பினாங்கு

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். உங்கள் அப்பா கேட்டதில் தவறில்லை. நோயாளிகளின் குடும்பத்தாரும் முதல் நாளில் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். கண் மருத்துவர் தம்மால் இயன்றதைச் செய்து முடித்த பிறகு, அந்த மனிதர் நாளைக் காலையில் எப்படிப் பசியாறப் போகிறார், கையில் இருப்பது ஐந்து ரிங்கிட்டா ஐம்பது ரிங்கிட்டா என்று எப்படி அறியப் போகிறார் என்ற இடத்தில் நம் வேலை தொடங்குகிறது. நம் நாட்டு நோட்டுகள் மதிப்புக்கேற்ப அளவில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை விரலால் அளக்கவும், ஒவ்வொரு மதிப்பையும் வெவ்வேறு விதமாக மடித்து வைக்கவும் பழகியவருக்குக் கடையில் யார் தயவும் வேண்டியதில்லை. இது ஆறுதலன்று, பயிற்சி.

நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இத்தொழிலின் நுட்பமான பகுதி. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவருக்கு எதிரில் நிற்பவரின் முகம் மறையும், ஓரங்கள் தெரியும். ஆகவே சற்றுப் பக்கவாட்டில் நோக்கிப் பார்க்க அவரைப் பழக்குகிறோம். வீட்டாரோ அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வருந்துகிறார்கள். பார்வை குழாய்போல் சுருங்கியவர் நாளிதழ் வாசிப்பார், ஆனால் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்வார். அவரை நடிக்கிறார் என்றே சொல்லிவிடுவார்கள். வெள்ளைத் தட்டில் போட்ட சோறு கண்ணுக்குத் தட்டுப்படாத ஒருவருக்கு வாழையிலையில் அதே சோறு தெளிவாகத் தெரியும். தட்டின் நிறத்தை மாற்றச் சொல்வதும் சிகிச்சைதான்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பார்வை குன்றிய முதியவர்கள் சிலருக்கு, இல்லாத உருவங்கள் துல்லியமாகத் தெரியும்: அலங்கார உடையணிந்த சிறுவர்கள், பூ வேலைப்பாடுகள், வரிசையாக நடக்கும் மனிதர்கள். சார்ல்ஸ் போனே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் தம் பாட்டனாருக்கு நேர்ந்த இதனை 1760இல் பதிவு செய்தார். அவர் பெயராலேயே இந்நிலை இன்றும் வழங்குகிறது. கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானே உருவங்களைப் படைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்; இது மனநோயன்று. நம் குடும்பங்களிலோ இதைக் காத்து கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அதற்கு அஞ்சியே பல பாட்டிமார்கள் வாய் திறப்பதில்லை. நீங்களாகக் கேளுங்கள். “இப்படிச் சிலருக்குத் தெரிவதுண்டு, உங்களுக்கும் தெரிகிறதா பாட்டி?” என்று கேட்ட மாத்திரத்தில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கியதென்றால் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும், வேறு காரணம் இல்லையென்று அவர் உறுதி செய்துகொள்வார்.

ஆனால் இப்பணியில் கடினமானது இவை எதுவுமில்லை. வீட்டாரின் அன்புதான் கடினமானது. செந்தூல் ரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கண்ணழுத்த நோயால் பார்வை போன பிறகு, சொந்த வீட்டின் சமையலறைக்குள் காலே வைக்கவில்லை. மருமகள் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தார். குவளை நிறையும்போது ஒலியெழுப்பும் சிறு கருவியை விளிம்பில் மாட்டி, சுடுநீர் ஊற்ற அவருக்கு நான் கற்றுக்கொடுத்தபோது அந்தப் பெண் கலங்கிப் போனார். மாமனாரை வேலை வாங்குகிறாள் என்று அக்கம்பக்கத்தார் பேசுவார்களே என்பது அவர் அச்சம். அந்த அச்சம் பொய்யன்று; நம்மவர்களிடையே அப்படித்தான் பேசுவார்கள். எனவே பயிற்சியில் பாதி அந்த மருமகளுக்கு என்று முடிவு செய்தேன். பார்வையற்றவரைக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நம் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ள வேண்டும், நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். நம் உடல் திரும்புவதையும் படியில் ஏறி இறங்குவதையும் அவர் அந்தப் பிடியிலேயே அறிந்துகொள்வார். பிடிப்பதும் விடுவதும் அவர் விருப்பம். இதை அந்தப் பெண் கோயிலுக்குப் போகும் வழியில் செய்து பார்த்த பிறகுதான் சமையலறைக் கதவும் திறந்தது.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். கண் தெரிகிறவர் கற்பிக்க முடியும். வெள்ளைக் கோலை உடலின் அகலத்துக்குச் சற்றே மிகுதியாக வீசி, அடுத்த அடி விழும் இடத்தை முன்கூட்டியே தொட்டறியும் முறையே, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்ற பார்வையுள்ள மனிதர் வகுத்ததுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களும் பழகுவீர்கள். அதில் உத்தி புரியும்; பார்வையற்ற வாழ்க்கை புரிந்துவிட்டதாக மட்டும் எண்ண வேண்டாம். அதற்கு அவர்களிடமே பாடம் கேட்க வேண்டும். இங்கே பிரிக்பீல்ட்ஸில், 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி, காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் மேடுகள் கொண்ட மஞ்சள் தடக்கற்களின்மேல் கோலூன்றி நடந்து வேலைக்குப் போகிறவர்களிடம் நான் கற்றது மிகுதி. பினாங்கிலும், 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர் உங்கள் ஊருக்கு வந்த, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லத்தின் வழியாக அத்தகையவர்களை நீங்கள் சந்திக்கலாம்.

நம் சமூகத்துக்கு இப்பணி ஏன் தேவை என்பதற்கு இனிப்புநீர் என்னும் நீரிழிவு நோய் ஒன்றே போதும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிகுதி. அது விழித்திரையைக் கெடுப்பதோடு சிலருக்கு விரல்நுனியின் உணர்வையும் மங்கச் செய்கிறது. அத்தகையவருக்கு, விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் எழுத்தின் புள்ளிகள் பிடிபடா. பேசும் கைப்பேசி, ஒலியால் அளவு சொல்லும் இரத்தச் சர்க்கரைக் கருவி, காலில் புண் உள்ளதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் என்று வேறு வழி தேட வேண்டும். இவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் போதவில்லை.

வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நேர்காணலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பயிற்றுநர்களில் பார்வையற்றோர் இருக்கிறார்களா, வீடுகளுக்குச் சென்று பயிற்சி தர அனுமதி உண்டா? இரண்டாவதற்கு இல்லையென்றால், சேர்ந்த பிறகு அதற்காகப் பேசுங்கள். மையத்தின் சமையலறையில் கற்றது வீட்டு அடுப்படியில் அப்படியே செல்லாது. அப்பாவிடம் இக்கடிதத்தைக் காட்டுங்கள். அவருக்கு மேலும் ஐயம் இருந்தால் அவரே எனக்கு எழுதலாம்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து