ஏர் ஃப்ரையரில் ஸ்குவாஷ் வைத்தால் மேலே கருகி உள்ளே வேகாமல் போகிறதே, ஏன்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுக்குப் புதிது என்று நினைக்கிறேன். ஏகார்ன் ஸ்குவாஷை (பரங்கி குடும்பத்துச் சின்னக் காய்) நறுக்கி, மேப்பிள் சிரப்பில் (மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிய பாகு) புரட்டி ஏர் ஃப்ரையரில் வைத்தாராம். மேலே கரி, உள்ளே பச்சை. நவம்பரில் வரும் அமெரிக்கத் திருநாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அலுவலக நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், சிரப்புக்குப் பதிலாக நம் ஊர் வெல்லம் போடலாமா என்றும் கேட்கிறார்.

சிரப்பைக் கடைசி மூன்று நிமிடத்தில்தான் தடவ வேண்டும். பதில் அவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு அக்டோபர் மாதம் முழுக்க ஆனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சமையல் படித்தவன் இல்லை, கணினி வேலை பார்ப்பவன். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்படி என் பொறுப்பு. "ஓவனில் ஒரு மணி நேரம் வைப்பதுதான் முறை, இதெல்லாம் குறுக்கு வழி" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஓவனை நான் குறை சொல்லவில்லை. தேங்க்ஸ்கிவிங் அன்று ஓவனுக்குள் காலையிலிருந்து வான்கோழி உட்கார்ந்திருக்கும். ஸ்குவாஷுக்கு இடம் ஏது?

2019இல் நாங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவாவில் இருந்தோம். கோபியிலிருந்து அம்மா வந்திருந்தார். இலை பழுக்கிற நேரம், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பண்ணைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மரப்பெட்டிகளில் விதவிதமாக ஸ்குவாஷ் குவித்திருந்தார்கள். அம்மா கரும்பச்சையாக, வரிவரியாக இருந்த ஏகார்ன் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "அரசாணிக்காய்க் குஞ்சாட்டம் இருக்குது கண்ணு" என்றார். எங்கள் பக்கம் பரங்கிக்காயை அரசாணிக்காய் என்றுதான் சொல்வோம்.

அம்மா சொன்னது பாதி சரி. பரங்கியின் நெருங்கிய சொந்தம் ஏகார்ன் இல்லை, பட்டர்நட் என்ற இன்னொரு ஸ்குவாஷ். பரங்கியும் பட்டர்நட்டும் மாஸ்கேட்டா என்ற ஒரே இனம். ஏகார்ன், சுக்கினி இருக்கும் பெப்போ இனத்தைச் சேர்ந்தது. கொஞ்சம் நார், கொஞ்சம் நீர், இனிப்பு குறைவு. பட்டர்நட்டைச் சும்மா சுட்டாலே தித்திக்கும். ஏகார்னுக்கு வெளியிலிருந்து இனிப்பு வேண்டும், அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் வெண்ணெயும் சிரப்பும் ஊற்றுகிறார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு நானே செய்து தருகிறேன் என்று ஆரம்பித்தேன். துண்டு போட்டு, உருக்கிய வெண்ணெய், கால் கப் சிரப், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிடம் வைத்தேன். ஏழாவது நிமிடம் புகை. அடுத்த நொடி கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. அம்மா பயந்துபோய், செருப்பு கூடப் போடாமல், அந்தக் குளிரில் வாசற்படிக்கு ஓடிவிட்டார். ஆறு வயது மகள் நாற்காலி மேல் ஏறி அலாரத்துக்குக் கீழே துவாலையை வீசிக்கொண்டிருந்தாள். கூடையைத் திறந்தால் துண்டுகளின் ஓரமெல்லாம் கரி, நடுவில் கத்தி இறங்கவில்லை. வழிந்த சிரப் அடித்தட்டில் கறுப்பு அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு நாள் வெந்நீரில் ஊறவைத்துத்தான் அது விட்டது.

அம்மா உள்ளே வந்து ஒன்றும் சொல்லவில்லை. இருப்பதில் நல்லதாக ஒரு துண்டை எடுத்து, கருகினதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மென்று தின்றார். "உப்பு சரியா இருக்குது கண்ணு" என்றார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அலாரச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஓய்வு பெற்றவர், வீட்டுக்குப் பின்னால் நான்கு மேப்பிள் மரம் வைத்திருந்தார். குளிர்காலக் கடைசியில், ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற நாட்களில், மரத்தில் துளை போட்டு வாளி கட்டுவார். அப்படிச் சொட்டுகிற நீர் ஏறக்குறைய 40 கேலன் சேர்த்துக் காய்ச்சினால்தான் ஒரு கேலன் சிரப். அவர் என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை நான் மணிக்கணக்காகக் காய்ச்சித்தான் பாட்டிலில் ஊற்றுகிறேன். நீ ஏன் மறுபடியும் பதினைந்து நிமிடம் காய்ச்சுகிறாய்?"

விஷயம் அவ்வளவுதான். ஏர் ஃப்ரையர் என்று பெயர் இருந்தாலும் அது பொரிப்பதில்லை. விசிறி வைத்த சின்ன ஓவன் அது. சூடேறும் கம்பிச்சுருள் காய்க்கு மேலே சில அங்குலத்தில் இருக்கிறது. சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே நிறம் மாறத் தொடங்கும். 400 ஃபாரன்ஹீட் என்பது செல்சியஸில் 200க்கும் மேல். மேலே இருக்கும் மெல்லிய சிரப் படலம் சீக்கிரமே அந்தச் சூட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் காய்க்குள் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே 100ஐத் தாண்டாது. உள்ளே மெதுவாக வேகும், வெளியே வேகமாகக் கருகும். நீங்கள் செய்ததும் இதுதான், நான் செய்ததும் இதுதான்.

இப்போது நான் செய்யும் விதம். ஏகார்ன் தோல் கல் மாதிரி இருக்கும், அப்படியே வெட்டப் போனால் கத்தி வழுக்கிக் கையில் இறங்கும். கத்தி முனையால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். அப்புறம் வரிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் கத்தியை வைத்தால் இறங்கும். விதையை வழித்துவிட்டு அரை அங்குலக் கனத்தில் பிறை பிறையாக நறுக்குங்கள். ஈரத்தைத் துடைத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் சேர்த்துப் பிசறி, 375 ஃபாரன்ஹீட்டில் 12 நிமிடம். ஆறாவது நிமிடம் திருப்பிப் போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அவிந்துபோகும், இரண்டு தடவையாக வையுங்கள்.

12 நிமிடம் ஆனதும் கத்தி முனை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் இன்னும் மூன்று நிமிடம். இறங்கின பிறகுதான் சிரப். இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப், ஒரு மேசைக்கரண்டி நெய், சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள். வெண்ணெயில் இருக்கும் பால் திப்பி சீக்கிரம் கருகும், நெய்யில் அது கிடையாது. இதைத் தூரிகையால் தடவி, சூட்டை 350க்குக் குறைத்து, மூன்றே மூன்று நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்தில் நுரைத்துப் பளபளவென்று வரும்போது எடுத்துவிட வேண்டும்.

வெல்லம் தாராளமாகப் போடலாம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு வாங்கும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை அம்மா கொண்டுவந்திருந்தார். இரண்டு கரண்டியை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து, நெய் விட்டு, துளி சுக்குப் பொடி போட்டுத் தடவினேன். மேப்பிளை விட எனக்கு அதுதான் பிடித்தது. தேன் என்றால் இன்னும் கவனம் தேவை, சீக்கிரம் கறுக்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லைதான். அந்த நவம்பரில் இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து நடத்திய விருந்துக்கு இதைச் செய்து கொண்டுபோனேன். தட்டு காலி. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பக்குவம் கேட்டது என் மனைவியிடம். "தங்கச்சி கைப்பக்குவமே தனி" என்றார் ஒருவர். "அவர்தாங்க செஞ்சாரு" என்று அவள் சொன்னால் சிரிக்கிறார்கள். சொந்தத்தில் சிலர் அவளுக்கு ஃபோன் போட்டு, "மாப்பிள்ளையைப் போய் அடுப்படியில நிக்க வெக்கிறயா" என்று திட்டவும் செய்கிறார்கள். எனக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு அவளுக்குப் போகிறது என்பது என் வருத்தம் இல்லை. என் சமையலுக்காக அவள் ஏன் திட்டு வாங்க வேண்டும்? அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட், அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து உலை வைத்தது நான்தான். பத்து வயதில் யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை, நாற்பதில் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் விருந்துக்கு வருகிறேன். காலையிலேயே சிரப் தடவி முடித்துக் கொண்டுபோனால் மதியத்துக்குள் நீர் விட்டுத் தொளதொளத்துவிடும். வீட்டில் 12 நிமிட வேலையை மட்டும் முடித்து, ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். சிரப் கலவையைத் தனியாகச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டில் ஏர் ஃப்ரையர் இருந்தால் 350இல் மூன்று நிமிடம் சூடுபடுத்தி, தடவி, இன்னொரு மூன்று நிமிடம். இல்லையென்றால் வாணலியில் நெய்யோடு புரட்டினாலும் போதும். கூடையில் காகிதம் விரிப்பதானால் காய் வைத்த பிறகுதான் இயக்க வேண்டும், வெறும் காகிதம் பறந்து கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும். நறுக்கும்போது ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வயிற்றைக் கெடுக்கும். அலங்காரத்துக்கு வைக்கும் குட்டிச் சுரைகளையும் பக்கத்துப் பெட்டியிலேயே விற்பார்கள், அவசரத்தில் மாற்றி எடுத்துவிட வேண்டாம்.