ரத்தம் இல்லை, நிறமே அதுதான்: பறவைக் கேள்விகளும் பதில்களும்

பறவைகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது எப்படி என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி: முதன்முதலாக பைனாகுலர் வாங்கப் போகிறேன். எது நல்லது?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்குக்கு ஆசைப்படாதீர்கள். பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் உங்கள் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சுற்றுலாத் தலங்களில் '50 மடங்கு' என்று கூவி விற்பது பொம்மை.

கேள்வி: நேற்று ராத்திரி மாடிப்படியில் ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, குட்டை வால், அடிவயிற்றில் ரத்தம். அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா?

அது ரத்தமாக இருக்காது, அதன் நிறமே அதுதான். கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும். பயணம் இரவில்தான். அக்டோபர், நவம்பரில் நகர வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் வந்து விழும்.

பெட்டியில் காற்றுத்துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அரிசியும் வேண்டாம், அது புழு பூச்சி தின்னும் ஜாதி. பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டினால் போதும். விடிந்ததும் பூனை நடமாட்டம் இல்லாத புதரடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

என் வீட்டுக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒருமுறை ஒன்று நின்றது. காலையில் பெட்டியைத் திறந்தேன். உடனே பறக்கவில்லை. விளிம்பில் ஏறி நின்று குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது. அப்புறம் கீழே குதித்து, சருகை அலகால் புரட்டி, ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது. அதற்குப் பிறகுதான் புதருக்குள் போனது. பசி முதலில், விடுதலை அப்புறம்.

கேள்வி: புல்தரையில் தினமும் ஒரு மரங்கொத்தி வந்து கொத்துகிறது. மரத்துக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

அது கொண்டலாத்தி. தலையில் விசிறிக் கொண்டை இருக்குமே!

கேள்வி: மே விடுமுறையில் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப்போகிறோம். சைபீரியா, ஆஸ்திரேலியாப் பறவைகள் எந்தப் பக்கம் தெரியும்?

எந்தப் பக்கமும் தெரியாது. மே மாதத்தில் ஏரியில் பெரும்பாலும் தண்ணீரே இருக்காது. டிசம்பர், ஜனவரியில் போங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் என்றால், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம்.

அடுத்தது அந்த சைபீரியா. மரத்தில் கூடு கட்டியிருக்கும் சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து ஊர் மாறும், அவ்வளவுதான். குளிருக்குத் தப்பி வெளிநாட்டிலிருந்து வருபவை இங்கே கூடு கட்டாது. சொந்த ஊருக்குத் திரும்பித்தான் முட்டையிடும்.

அவரே மீண்டும்: சின்ன வயதிலிருந்து அப்படித்தானே கேள்விப்பட்டிருக்கிறோம்? எல்லாரும் தப்பா?

ஆமாம். கூட்டில் குஞ்சு இருந்தால் அது இந்த ஊர்க் குடித்தனம்.

இன்னொருவர்: வெளிநாட்டுப் பறவை என்று சொன்னால்தானே கூட்டம் வரும், பாதுகாப்பும் கிடைக்கும்? உண்மையைச் சொல்லி என்ன லாபம்?

கூட்டம் வருவதற்கு முன்பே பாதுகாத்துவிட்டார்கள், ஐயா. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேயரிடமே போராடி, 1798-இல் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். விசா பார்த்தா காப்பாற்றினார்கள்?

மூன்றாமவர்: எங்கள் ஊர் அந்தப் பக்கம்தான். தாத்தா 'மழை வந்தா வரும், வத்துனா போயிடும்' என்பார். வெளிநாடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

தாத்தாவுக்கு என் வணக்கம்.

நான்காமவர்: அப்படியானால் நெல்லை மாவட்டக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து?

அது நிஜமான விருந்தாளி. இமயமலையைத் தாண்டி வருவது. மங்கோலியாவில் அடையாளத்துக்குக் கழுத்துப் பட்டை மாட்டிவிட்ட வாத்துகளைத் தென்னிந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். கூந்தன்குளத்தில் வீட்டோர மரத்தில் குஞ்சுக்கு ஊட்டுவது உள்ளூர் நாரை. குளத்தில் மிதப்பது வாத்து. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால் நான் சொல்வது புரியும். வேடந்தாங்கலிலும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகு கிளுவை என்று விருந்தாளிகள் உண்டு. ஆனால் எல்லாரும் மரத்தையே பார்ப்பதால் தண்ணீரில் மிதப்பதை யாரும் கவனிப்பதில்லை.

கேள்வி: பத்தாயிரத்துக்குள் நல்ல பைனாகுலர்?

முதல் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: 12×50 எப்படி?

முதல் கேள்வி!

கேள்வி: பச்சைக்கிளிக் குஞ்சுக்கு என்ன கொடுத்தால் பேசும்?

பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: விடியற்காலை நாலு மணிக்கே குயில் கூவுகிறது. தூக்கமே போச்சு. எப்படி விரட்டுவது?

முடியாது. பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு முடிக்கும் பருவம் வரை ஆண் கத்தத்தான் செய்யும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பால்கனிச் செடியில் கொண்டைக்குருவி கூடு. இலை மறைப்பதால் படம் சரியாக வரவில்லை. ஒரே ஒரு கிளையை மட்டும் ஒடிக்கலாமா?

கேட்க வேண்டாம் என்று சொன்ன கேள்வி வந்தே விட்டது. அந்த இலைதான் அதற்குக் கூரை, சுவர், கதவு எல்லாம். ஒடித்த மறுநாளே காக்கை வரும், வெயிலும் வரும். தாய் திரும்பாமலே போகலாம். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும் வரை நான்கு வாரத்துக்கு மேல் ஆகாது. அதுவரை அந்தச் செடிக்குத் தண்ணீர் விடும்போது மட்டும் போங்கள். படம் வேண்டாம்.

மாடிப்படிப் பறவைக்காரர்: கறுப்புப் பட்டை இருந்தது. காலையில் திறந்துவிட்டேன். கிணற்றடிக் கருவேப்பிலைப் புதருக்குள் போனது. இப்போது காணவில்லை. போய்விட்டதா?

அங்கேயேகூட இருக்கலாம். இன்று மாலை ஆறு மணிக்கு டிவியை நிறுத்திவிட்டுக் கிணற்றடியில் நின்று பாருங்கள். விசில் கேட்டால் வந்து சொல்லுங்கள்.