7.10% பெரிதா, 8.30% பெரிதா?

கேள்வி: எனக்கு 57 வயது. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் 10 லட்சம் ரூபாயை ஐந்து வருடத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட நினைக்கிறேன். என் கணக்கு இருக்கும் வங்கியில் 7.10% வட்டி என்கிறார்கள். இன்னொரு வங்கியின் நோட்டீஸில், 5 வருட டெபாசிட்டுக்கு ‘யீல்டு 8.30%’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அங்கே போட்டுவிடலாமா? நடுவில் ஒன்றிரண்டு லட்சம் தேவைப்படலாம். – வாசகி, கும்பகோணம்.

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் வட்டி விகிதம் தனியாக இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். அது 7 சதவீதமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஏனென்றால் 7 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் இந்த 8.30 அப்படியே வந்து நிற்கிறது.

நம் வங்கிகள் டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. 7 சதவீதத்தை 4 ஆல் வகுத்தால் 1.75. அதாவது 100 ரூபாய் மூன்று மாதத்தில் 101.75 ஆகிறது. ஐந்து வருடத்தில் இது 20 முறை நடக்கும். கால்குலேட்டரில் 1.0175-ஐ 20 தடவை பெருக்கினால் 1.41478 வரும். உங்கள் 10 லட்சம் 14,14,778 ரூபாய் ஆகிவிடும். இதில் வட்டி மட்டும் 4,14,778. அதை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 82,956 ரூபாய். அதைத்தான் 8.30% என்று நோட்டீஸில் போடுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் கூட்டு வட்டியில் சேர்ந்த மொத்தத்தைத் தனி வட்டி மாதிரி வருடங்களால் வகுத்துக் காட்டுவதால், காலம் நீள நீள இந்த எண் தானாக வீங்கும். இதே 7 சதவீதத்தில் பத்து வருடம் போட்டால் பணம் 20,01,597 ஆகும்; அப்போது ‘யீல்டு 10%’ என்று போஸ்டரே அடிக்கலாம்!

இப்போது உங்கள் வங்கியின் 7.10 சதவீதத்துக்கு அதே கணக்கு. 1.01775-ஐ 20 தடவை பெருக்கினால் முதிர்வுத் தொகை 14,21,747 ரூபாய். நோட்டீஸ் பாணியில் சொன்னால் ‘யீல்டு 8.43%’. என் கணிப்பு சரியென்றால், நீங்கள் குறைவு என்று நினைத்த இடத்தில்தான் 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறையக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆக, எந்த வங்கிக்குப் போனாலும் விகிதத்தை விட்டுவிட்டு, “10 லட்சத்துக்கு ஐந்து வருடம் கழித்துக் கையில் எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள்.

மாதாமாதம் வட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு மாறும். 7.10% என்றால் மாதம் 5,917 ரூபாய் வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் காலாண்டு முடிவதற்கு முன்பே வட்டியைக் கொடுப்பதால் வங்கி சற்றுக் கழித்துக்கொண்டு 5,882 ரூபாய் அளவில்தான் தரும். ஏமாற்று வேலை இல்லை, விதிமுறையே அப்படித்தான்.

அப்புறம் டி.டி.எஸ்., அதாவது வட்டியிலிருந்து வங்கியே பிடித்துக் கட்டும் வருமான வரி. ஒரே வங்கியில் ஒரு நிதியாண்டில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10% பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20%. 60 வயதானவர்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம். உங்கள் டெபாசிட்டில் முதல் வருட வட்டியே சுமார் 72,900 ரூபாய் என்பதால் 7,290 ரூபாய் போகும். முதிர்வில் வாங்கும் டெபாசிட்டிலும் வருடா வருடம் பிடிப்பதால், ரசீதில் அச்சடித்த தொகை கடைசியில் அப்படியே வராது. பலர் வங்கியில் போய்ச் சண்டை போடுவது இதனால்தான். மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. மொத்தத்தையும் ஒரே ரசீதாக ஐந்து வருடத்துக்குப் போடாதீர்கள். நடுவில் உடைத்தால் 7.10% கிடைக்காது. பணம் எத்தனை காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்கு, டெபாசிட் போட்ட அன்றைக்கு இருந்த விகிதத்தை எடுத்து, அதிலும் அரை அல்லது ஒரு சதவீதம் அபராதமாகக் கழிப்பார்கள். 2 லட்சம் தேவைக்காக 10 லட்சத்தின் வட்டியையும் இழப்பானேன்? இன்னொன்று, மூன்று வருடத்தில் உங்களுக்கு 60 ஆகிவிடும். மூத்த குடிமக்களுக்குப் பல வங்கிகளில் அரை சதவீதம் கூடுதல் வட்டி உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெபாசிட்டுக்கு அது பொதுவாகத் தானாக வந்து சேராது.

நானாக இருந்தால், ஒரு லட்சம் வீதம் இரண்டு ரசீதுகள் ஒரு வருடத்துக்கும், 5 லட்சம் மூன்று வருடத்துக்கும், மீதி 3 லட்சம் ஐந்து வருடத்துக்கும் போடுவேன். மூன்று வருடத்துக்கு வட்டி சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான். பெரிய பொதுத்துறை வங்கி என்றால் இதற்காக நான் தூக்கம் கெட மாட்டேன். கூட்டுறவு வங்கியோ சிறு நிதி வங்கியோ என்றால் இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம், 7.10 சதவீதத்தில் 3.5 லட்சம் போட்டாலே ஐந்து வருடத்தில் 4,97,600 வரை வந்துவிடும். நிதி நிறுவனங்களின் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடே கிடையாது.

விண்ணப்பத்தில் நாமினி பெயரை நிரப்புங்கள். ‘தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்காமல், முதிர்வுத் தொகை சேமிப்புக் கணக்குக்கு வரும்படி எழுதிக் கொடுங்கள். மூன்று வருட ரசீதுக்கு இது ரொம்ப அவசியம். முதிர்வு தேதி உங்கள் 60-வது பிறந்தநாளுக்குப் பிறகு வரும்படி நாளையும் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.