பிரஷர் மாத்திரையும் வீங்கிய ஈறும்

கேள்வி: ஆத்தாவுக்கு 61 வயது, தேவகோட்டையில் இருக்கிறார். இரண்டு வருடமாக பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதமாக முன்பல் ஈறு வீங்கி, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. மாத்திரையால்தான் என்று யாரோ சொல்ல, ஒரு வாரமாக அதை நிறுத்திவிட்டார். பிரஷர் இருக்கும்போது பல்லில் கை வைக்கக்கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே ஆத்தாவுக்கு பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை. அம்லோடிபின் சிலருக்கு ஈற்றை வளரவிடும். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக இருக்கும் ஈற்று நுனி முதலில் பருத்து, சின்ன மொட்டுபோல் பல்லின் மேல் ஏறும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மாத்திரை மட்டுமே காரணமல்ல; பல்லோரம் அழுக்கும் காரையும் படிந்த வாயில்தான் இது அதிகம். அழுக்கை எடுத்தாலே பலருக்கு வீக்கம் கணிசமாக வற்றும். வற்றாவிட்டால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம், ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். காரைக்குடியில் நான் பார்க்கும் ஆச்சிமார் பலருக்கு வெற்றிலைக் கறைக்கு அடியில் கல்லாக இறுகிய காரை இருக்கும். கறையைத்தான் அவர்கள் கவலைப்பட்டுக் காட்டுவார்கள்!

இதில் பிரஷருக்கு என்ன வேலை? ஈறு புண்ணாகி, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை ஆழமானால், அங்கிருக்கும் கிருமிகளும் அழற்சியும் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாயின் உள்சுவரைத் தொந்தரவு செய்கின்றன. குழாய் தளர்ந்து கொடுக்காது, அழுத்தம் ஏறும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரஷரும் ஈறு நோயும் உள்ள 101 பேரில் பாதிப்பேருக்கு ஈறு சிகிச்சையை ஆழமாகச் செய்தார்கள். இரண்டு மாதத்தில், அவர்களின் பிரஷரின் மேல் அளவு மற்றவர்களைவிட 11 புள்ளி அளவுக்குக் குறைந்திருந்தது. சின்ன ஆய்வு, இதை நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம். ஆனால் பல் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

ஆச்சி சொன்னது பழைய பயம். மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தாண்டினால் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைப்போம், அவ்வளவுதான். போகிற அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே போகட்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டால் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல் வலி என்றால் மெடிக்கலில் டைக்ளோபினாக், இபுபுரூபன் வாங்கிப் போடும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. இவை இரண்டும் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும், அதுவும் தண்ணீரில் கரையும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம்.

வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடின் மருந்தையும் சொன்ன நாளுக்கு மேல் தொடரவேண்டாம். கீரையில் உள்ள நைட்ரேட்டை ரத்தக்குழாய் தளர உதவும் பொருளாக மாற்றத் தொடங்குவது நாக்கின் நல்ல கிருமிகள். இந்த மருந்து அவற்றையும் கொன்றுவிடும்.

உப்புக்கண்டத்தையும் மாவடுவையும் விடச் சொன்னால் ஆத்தா கேட்கமாட்டார் என்று தெரியும். குறைக்கவாவது சொல்லுங்கள். வெற்றிலையில் புகையிலை வைக்கிறாரா என்பதையும் கேட்டுவையுங்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பல் டாக்டர் பிரஷர் பார்க்காமல் மரத்துப்போகும் ஊசியை எடுத்தால், முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.