வீட்டை அடமானம் வைக்கும் முன்

மகள் பி.பார்ம் கடைசி வருடம். அடுத்து வெளிநாட்டில் செயற்கை நுண்ணறிவில் எம்.எஸ். படித்தே ஆக வேண்டும் என்று மாமா, சித்தப்பா எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தவணை கட்டப்போவது மாமா இல்லை. மகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரிதான்: மருந்தியல் பிடிக்கும், எக்செலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அதுவே போதும்.

விற்பனை, தரக்கட்டுப்பாடு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். பலரும் கவனிக்காத ஒரு வேலை, மருந்தியக்க மாடலிங்குக்கு டேட்டா தயாரிப்பது.

மருந்து ரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கிடும் நான்மெம் போன்ற மென்பொருள், மருந்துப் பரிசோதனைக் கோப்புகளை அப்படியே ஏற்காது. டோஸ் ஒரு கோப்பில், ரத்தத்தில் மருந்தின் அளவு இன்னொன்றில், எடையும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் வேறெங்கோ இருக்கும். எல்லாவற்றையும் ஆள் வாரியாக, நேர வரிசையில், ஒரே அட்டவணையாக்க வேண்டும். எந்த வரி எது என்று காட்டும் 'ஈவிஐடி' என்ற பத்தியில் டோஸ் வரிக்கு 1, ரத்த அளவு வரிக்கு 0.

கேட்கச் சுலபம்தான். முதல் மாத்திரை காலை 8 மணிக்கு. 'டோஸுக்கு முன்' எடுத்ததாகச் சொல்லும் சாம்பிளின் நேரமோ 8:10. அப்படியே விட்டால், மருந்து உள்ளே போய்ப் பத்து நிமிடமாகியும் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று மாடல் நம்பிவிடும். உங்கள் மகள் தானாகத் திருத்தவும் கூடாது. பரிசோதனைத் தரப்பிடம் கேட்டு, எடுத்த முடிவை எழுதி வைக்க வேண்டும். கருவியால் அளக்க முடியாத அளவு குறைவான மதிப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். மருந்தியல் தெரியாத நிரலாளர் சறுக்குவது இங்கேதான்.

இதற்குப் பயன்படும் ஆர் என்ற நிரல் மொழி இலவசம். இதற்கான அட்டவணை அமைக்க உதவும் அட்மிரல் என்ற ஆர் தொகுப்பும் இலவசம். சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் கூட மாணவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே 'வேலை உறுதி' என்று பெரிய கட்டணம் கேட்கும் பயிற்சி மையத்துக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதல் வேலை பெரும்பாலும் மருந்துப் பரிசோதனை டேட்டாவுக்கு நிரல் எழுதும் சாதாரண கிளினிக்கல் புரோகிராமராகத்தான் அமையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர் மொழியுடனேயே 'தியோஃப்' என்ற டேட்டா வருகிறது, தியோஃபிலின் என்ற மருந்தின் ரத்த அளவுகள்: 12 பேர், 132 வரிகள். அதில் டோஸுக்குத் தனி வரி கிடையாது. டோஸின் அளவும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கும். எடையால் பெருக்கி, ஒவ்வொருவருக்கும் நேரம் 0-இல் ஒரு டோஸ் வரி சேர்க்கச் சொல்லுங்கள். அலுத்துப்போனால் வேறு வழி பேசலாம். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்றால், சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.