கடலுக்கு நடுவே சைக்கிள்: டாம்பா விரிகுடாப் பாதை பற்றிக் கேள்வி பதில்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டில் ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது. எங்கள் மகள் இருப்பது புளோரிடாவின் டாம்பா. அங்கே கடலைக் குறுக்கே கடக்கும் கோர்ட்னி கேம்ப்பெல் சைக்கிள் பாதையில் நான் ஓட்டியதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (காட்பாடி): அக்கா, அது பாலமா, சாலையா? கடல் மேலேயே ஓட்ட வேண்டுமா?

பெரும்பகுதி சாலைதான் தம்பி. டாம்பாவுக்கும் அதற்கு மேற்கே உள்ள கிளியர்வாட்டர் ஊருக்கும் நடுவில் 'பழைய டாம்பா விரிகுடா' என்ற கடல் கிடக்கிறது. பென் டி. டேவிஸ் என்பவர் கடலடி மணலை அள்ளிக் கொட்டி, கரை போல உயர்த்தி, 1934-ல் அதன்மேல் சாலையைத் திறந்தார். சுங்கம் கட்டித்தான் போக வேண்டும். போர்க்காலத்தில், 1944-ல், சுங்கம் எடுக்கப்பட்டது. நெடுஞ்சாலை வாரியத்தில் இருந்த கோர்ட்னி கேம்ப்பெல் பெயரை 1948-ல் வைத்தார்கள். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான தார்ப்பாதை மிகப் பிந்தியது, முழுதாக முடிந்தது 2015-ல். சாலையின் தெற்குப் பக்கம், 12 அடி அகலம், கார் உள்ளே வர வழியே இல்லை. படகுகள் போகும் கால்வாயைத் தாண்டும் இடத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாலம் இருக்கிறது.

கேள்வி (ராணிப்பேட்டை): எனக்கு 62 வயது. தினம் பாலாற்றங்கரை வரை ஓட்டுவேன். போய்வர 30 கிலோமீட்டர் என்கிறார்கள். முடியுமா?

தாராளமாக முடியும் ஐயா. ஒரு பக்கம் 15, 16 கிலோமீட்டர் வரும். சமதளம், குழி இல்லை, நாய் துரத்தாது. தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே ஆளை வாட்டுவது காற்று.

நம் ஊரைச் சுற்றி மலை இருக்கிறது, கட்டடம், புளியமரம் இருக்கிறது, காற்று அங்கங்கே முட்டி உடைந்துவிடும். அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர். தடுக்க ஒன்றுமே கிடையாது. ஆடி மாதத்தில் வாலாஜாவிலிருந்து வேலூர் நோக்கி சர்வீஸ் ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்களா? மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அது பழகியவருக்கு இந்தப் பாதை கஷ்டமே இல்லை. பழகாதவர் முதல் 10 கிலோமீட்டர் காற்றோடு சேர்ந்து பறந்துவிட்டு, 'நமக்கு இவ்வளவு தெம்பா' என்று மகிழ்ந்து, திரும்பும்போது தவித்துப் போவார்.

அதனால் இதை மட்டும் மனதில் வையுங்கள். கிளம்பும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. பாதை கிழக்கு மேற்காகப் போகிறது. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கடல்காற்று மேற்கிலிருந்து எழும்பும். இடிமழை இல்லாத மாதங்களில் காலை பிந்தி டாம்பா பக்கம் தொடங்கி மேற்கே போனால், வருகையில் அது முதுகில் வரும். குளிர்காலத்தில் வாடை வீசும் நாட்களில் காற்று வடக்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். கைப்பிடியை இறுக்காமல், குனிந்து, மெதுவாகப் போங்கள். கிளம்பும் முன் போனில் காற்றின் திசையைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி (திருப்பத்தூர்): பாலம் ஏற்றம் எப்படி? ஏலகிரி ஏறுகிற ஆள் நான்.

14 கொண்டை ஊசி ஏறுகிறவருக்கு அது ஏற்றமே இல்லை. உச்சியில் தண்ணீரிலிருந்து 45 அடி உயரம் இருக்கும். இறங்கும்போதுதான் கவனம். எதிரே குழந்தைகளோடு நடந்து வருவார்கள்.

கேள்வி (ஆற்காடு): அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டுமாமே?

ஆமாம், வலது பக்கமே ஓட்டி, இடது பக்கமாக முந்த வேண்டும். முந்தும்முன் மணி அடிப்பது அங்கே மரியாதை. ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. அங்கே வலது கை பின்சக்கரத்துக்கு, இடது கை முன்சக்கரத்துக்கு. பழக்கத்தில் இடது கையை வேகமாக அழுத்தினால் முன்சக்கரம் நின்று ஆள் தூக்கி எறியப்படலாம். வாடகை சைக்கிள் எடுத்ததும், தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பாருங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு ஏறுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): நாங்கள் ஜூன், ஜூலையில் போகிறோம். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது என்ன பெரிய வெயில்?

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. நம் வெயில் காய்ந்த வெயில், வேர்வை உடனே உலர்ந்துவிடும். அங்கே புழுக்கம். வேர்வை உடம்பிலேயே நிற்கும், உடம்பு குளிராது. பாதையில் நிழலும் குறைவு. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்துகொள்ளுங்கள்.

அப்புறம், இடி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பிற்பகல் இடிமழை ரொம்பச் சாதாரணம். கடல் நடுவே ஒதுங்க இடமில்லை, அந்தப் பரப்பில் உயரமாக நிற்பது நீங்கள்தான். விடிந்ததும் கிளம்பி, 11 மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலும் அப்படியே திரும்புங்கள், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று பார்க்க வேண்டாம். புயல் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின்போது கடல் ஏறி அந்தச் சாலையையே மூழ்கடித்தது.

கேள்வி (சத்துவாச்சாரி): அக்கா, சுடிதாரில் ஓட்டலாமா? ஷார்ட்ஸ் எல்லாம் எனக்கு ஒத்துவராது.

நான் ஓட்டியதே சுடிதாரில்தான். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிடு. அந்தக் காற்றில் நுனி பறந்து பின்சக்கரக் கம்பிக்குள் போனால் கழுத்தை இழுக்கும். பேண்ட் வலது காலில் செயின் பக்கம் படபடக்கும், கணுக்காலில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள். டாப்ஸ் முட்டி வரை இருந்தால் போதும்.

கேள்வி (ஆம்பூர்): பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள். 16 வயதுக்குக் கீழே ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயம். முழுப் பாதையும் வேண்டாம், டாம்பா பக்கத்துக் கடற்கரையிலிருந்து பாலம் வரை போய்த் திரும்பினால் போதும்.

கேள்வி (வாலாஜா): வழியில் பார்க்க என்ன இருக்கிறது, சாப்பிட என்ன கிடைக்கும்?

சாப்பாடு டாம்பா முனையில், ராக்கி பாயிண்ட் பக்கம் ஹோட்டல்களில். நடுவில் கடலும் பாதையும்தான், கையில் கடலை மிட்டாய் இருக்கட்டும். பார்ப்பதற்குக் கண் போதாது. கூழைக்கடா சிறகை மடக்கித் தலைகீழாகத் தண்ணீரில் விழும். மடவை மீன் காரணமே இல்லாமல் துள்ளும். பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆழமில்லாத இடம் வெளிர்பச்சையாகவும், கால்வாய் மட்டும் கருநீலப் பட்டையாகவும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின் முதுகு ஒன்று எழுந்து மறையும்.

கேள்வி (காவேரிப்பாக்கம்): நம் பக்கத்தில் இப்படி ஒன்று வராதா?

காவேரிப்பாக்கத்துக்காரரே இப்படிக் கேட்கிறீர்களே! காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை விடவா? மழை முடிந்த தை மாதத்தில், ஏரி நிறைந்து கிடக்கும்போது, காலை வெயிலில் அந்தக் கரைமேல் நின்று பாருங்கள். தண்ணீர் அடிவானம் வரை போகும். டாம்பாவில் கடலடி மணலை அள்ளிக் கரை கட்ட வேண்டியிருந்தது. நமக்கு முன்னோர்கள் கட்டி வைத்த கரை இருக்கிறது. மதகுக்கும் கரைக்கும் பாதகமில்லாமல், வண்டி ஏறாதபடி கல் நட்டு, 8 அடிக்குப் பாதை போட்டாலே குழந்தைகளும் பெரியவர்களும் வருவார்கள். கிராமசபையில் எழுதிக் கொடுங்கள், எங்கள் சைக்கிள் கூட்டம் கையெழுத்துப் போட வருகிறது. நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

கேள்வி (வேலப்பாடி): என் சைக்கிளையே விமானத்தில் கொண்டுபோகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும் சார். ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். பிரேக் ஒயரையும் சீட் போஸ்டையும் மறக்க வேண்டாம்.