14 வயது மகனைப் பெரியவர்களின் சிறுநீரகக் கிளினிக்கிற்கு இப்போதே தயார்ப்படுத்த வேண்டுமா?

மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் அதிகமாக வெளியேறும் சிறுநீரக நோய்), திருகோணமலையில் கிளினிக் போகிறோம், இப்போதே யோசிப்பது அவசரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது அவசரப்படுவதல்ல, தொடங்கச் சரியான வயதுதான். 2011இல் சர்வதேச சிறுநீரக மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட பரிந்துரையும் பெரியவர்களின் கிளினிக்கிற்கு மாறுவது பற்றிய பேச்சை 12–14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது.

வைத்தியர் பிள்ளையிடம் கேட்பார், பதில் அம்மாவிடமிருந்து வரும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அடுத்த முறை கிளினிக் கொப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடமாவது வெளியே வாங்கில் இருங்கள். தடுமாறுவான், தடுமாறட்டும்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தை ஏன் திடீரென நிறுத்தக்கூடாது, காலையில் சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டி மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறினால் என்ன அர்த்தம், தலையிடிக்கு இபுபுரோஃபன் ஏன் ஆகாது என்பவற்றை அவன் தன் வாயால் சொல்லவேண்டும். நிலாவெளியில் பெரியம்மா கருவாட்டுக் குழம்பைப் பரிமாறும்போது 'இதில் உப்பு அதிகம், எனக்கு வேண்டாம்' என்று சொல்வதும் இதில் சேர்த்தி. மருந்து விழுங்குவதைவிட அதுதான் கஷ்டம்!

மாறும் நாளில், நோய் தொடங்கிய ஆண்டு, எத்தனை முறை திரும்பியது, பயொப்சி (சிறுநீரகத் திசுப் பரிசோதனை) முடிவு, ஒவ்வாத மருந்துகள் அடங்கிய சுருக்கக் கடிதத்தைச் சிறுவர் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு பிரதி மகனிடமே இருக்கட்டும்.